ஊர் விழா 3 நாள்: கோழிகளை என்ன செய்வது?

வேலியோரம் (கேள்வி)

அடுத்த மாதம் ஊரில் 3 நாள் விழா. வீட்டில் ஆளுக்கொரு பொறுப்பு விழுந்துவிட்டது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 11 ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரைக் கேட்க முடியாது.

கொட்டிலில் 15 உருப்படி. முட்டையிடும் பெட்டை 12, விடை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டை) 2, சேவல் 1. பகலில் மேய விட்டு இரவில் அடைத்துத்தான் பழக்கம். 12இல் ஒன்று அடையில் இருக்கிறது, 11 முட்டை. விழா தொடங்கும் அன்று அதற்கு 17ஆம் நாள்.

இனி சிக்கல்கள். ஒலிபெருக்கி கட்டும் இடம் கொட்டிலிலிருந்து ஏறக்குறைய 60 அடி. பொதுச் சமையலுக்கு 150 முட்டை தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பார்ப்பதற்கு 2 கோழியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்கள். மிஞ்சும் சோற்றைக் கோழிக்குப் போடலாமே என்று இப்போதே ஆள் ஆளுக்கு யோசனை வேறு. எதற்குச் சரி சொல்லலாம், எதற்குக் கூடாது?

---

பஞ்சாரம்

தீவனம், தண்ணீர், கதவு, இந்த மூன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் உலர்தீவனம். 15க்கு ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் கூட வைத்து 1.8 கிலோ. 3 நாள் தீவனத்தையும் ஒரேயடியாகக் கொட்டி வைக்காதீர்கள். எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கோழியும் தனக்குப் பிடித்த தானியத்தைப் பொறுக்கிக்கொண்டு தூளை அப்படியே விட்டுவிடும். 3 பையில் தனித்தனியாக எடைபோட்டுக் கட்டி வைத்து, காலைக்கு ஒன்று என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அளவு பார்க்கிற வேலையை அவர் தலையில் வைக்கக் கூடாது. பிசைந்த தீவனம் அந்த 3 நாளும் வேண்டவே வேண்டாம், வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

தீவனத்தை விடத் தண்ணீர்தான் முக்கியம். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடிக்கும், வெயில் ஏறினால் அதுவே இரட்டிப்பாகும். 15க்கு ஏழரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள், அதையும் 2 பாத்திரமாகப் பிரித்து எதிரெதிர் மூலையில். ஒன்று கவிழ்ந்தால் மற்றது இருக்கும். கூட்டத்தில் அதிகாரம் செய்யும் கோழி ஒரு பாத்திரத்தைக் காவல் காத்துக்கொண்டு நின்றாலும் அதற்குப் பயப்படும் கோழி மற்றதில் குடித்துக்கொள்ளும்.

தலைகீழாகக் கவிழ்க்கும் டப்பா வகை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பாதி காலியான பிறகு வெயில் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். டப்பாவில் ஓட்டை என்று நினைப்போம், ஓட்டையே இருக்காது. தட்டு நிரம்பி வழிந்து, கூளம் நனைந்து, மதியத்துக்குள் டப்பா காலி. எனவே நிழலில், மட்டம் பார்த்து, கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். அந்த உயரத்தில் இருந்தால் கூளத்தைச் சீய்த்து உள்ளே தள்ளாது. புது டப்பா வாங்குவதானால் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பழைய பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். தெரியாத பாத்திரத்தில் குடிக்கத் தயங்கும் கோழி உண்டு.

கதவு விஷயத்தில் இரவு 11 மணி என்பது ஆகவே ஆகாது. கோழி மங்கலான வெளிச்சத்தில் தானே போய் ஏறிவிடும், அடைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். கீரி, மரநாய், நாய் மூன்றுக்கும் இருட்டும் திறந்த கதவும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும்: எண்ணிவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது. கதவில் சுண்ணக்கட்டியால் “15” என்று பெரிதாக எழுதி வையுங்கள், அடைக்கோழி தனியே இருந்தால் “14 + 1”. தாழ்ப்பாள் மூக்கால் தள்ளினால் திறக்கிற வகை என்றால் ஒரு கொக்கி சேருங்கள்.

அந்த 3 நாளும் மேய விடாமல் வலைக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் நல்லது. கொட்டிலுக்குள் ஒன்றுக்கு 4 சதுர அடி, வலையடைத்த வெளியில் 10 சதுர அடி தேறுகிறதா என்று அளந்து பாருங்கள். தேறினால் விழாவுக்கு 10 நாள் முன்பு 2 நாள் ஒத்திகையாக அடைத்துப் பாருங்கள். மேய்ந்து பழகிய கோழியைத் திடீரென அடைத்தால் சும்மா நிற்காது, ஒன்றையொன்று கொத்தும். எது கொத்துகிறது, எதன் முதுகில் இறகு போகிறது என்று ஒத்திகையில் தெரிந்துவிடும். கீரைக்கட்டை அலகுக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிட்டால் எட்டி எட்டிக் கொத்துவதிலேயே பாதிப் பகல் போய்விடும்.

---

அடைகாப்பவள்

அடைக்கோழிக்கு மட்டும் பதில்.

17ஆம் நாள் என்பதைக் கேட்டு பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்ட கோழி சத்தத்துக்கெல்லாம் எளிதில் எழுந்து போகாது. அடையைக் கெடுப்பது பெரும்பாலும் மற்ற பெட்டைகள்தான். அதே கூடைக்குள் வந்து முட்டையிடும், இடித்து உடைக்கும், இது எழுந்து போன நேரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வரும் அடைக்கோழி பக்கத்து வெறுங்கூடையில் போய் உட்கார்ந்துவிடும், 11 முட்டையும் குளிர்ந்து போகும்.

அதனால் இப்போதே பிரித்துவிடுங்கள். இருட்டிய பிறகு கூடையோடு அப்படியே தூக்கி, அரையிருட்டான தனி இடத்தில் வைத்து வலை போட்டு அடையுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு இடம் மாற்றக் கூடாது, முட்டையைப் புரட்டக் கூடாது. குஞ்சு ஓட்டைக் குத்துவதற்குத் தோதாகத் திரும்பிக்கொள்ளும் நாட்கள் அவை. முட்டைக்கு வெளிச்சம் காட்டிக் கரு வளர்கிறதா என்று பார்ப்பதையும் அதற்கு முன்னரே முடித்துக் கூமுட்டைகளை எடுத்துவிடுங்கள். நல்ல முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் பிறகு வேறு முட்டை கலந்தால் தெரியும்.

கூடையிலிருந்து 2 அடி தள்ளி முழுத்தானியமும் தண்ணீரும். ஒட்டினாற்போல் வைத்தால் எழவே எழாது, கூடையிலேயே எச்சம் போட்டுவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை எழும், 15–20 நிமிடத்தில் தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “கோழி எழுந்துவிட்டது” என்று பதறித் தூக்கிக் கூடையில் வைக்காமல் இருக்கச் சொல்லி வையுங்கள்.

குஞ்சு 21ஆம் நாளில்தான், அதாவது விழா முடிந்த பிறகு. ஒன்றிரண்டு முந்திக்கொண்டு வந்தாலும் கவலையில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு 48 மணி நேரத்துக்குத் தாங்கும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் மட்டும் தயாராக இருக்கட்டும். கல் போடாவிட்டால் குஞ்சு மூழ்கிவிடும்.

---

கொட்டாங்குச்சி

150 முட்டை விஷயம். மனக்கணக்குப் போடுவோம். அடையில் இருப்பதைக் கழித்தால் 11 பெட்டை. நாட்டுக்கோழி என்றால் அன்றாடம் பாதி முட்டையிட்டாலே நல்ல சேதி, 5 அல்லது 6. 150 சேர 25 நாளுக்கு மேல் ஆகும். கோடையில் வெளியே வைத்த முட்டைக்கு 25 நாள் மிக அதிகம். தனியாக முயலாதீர்கள். கோழி வளர்க்கும் 5 வீட்டில் சொல்லி, வீட்டுக்கு 30 என்று பிரித்துக்கொண்டால் ஒரு வாரச் சேமிப்பில் முடிந்துவிடும். சொன்ன வாக்கும் நிற்கும்.

ஐந்து வீட்டு முட்டை ஓர் இடத்துக்கு வரும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்: அண்மையில் கோழிக்குப் பூச்சி மருந்தோ வேறு மருந்தோ கொடுத்தீர்களா? மருந்துக்கு மருந்து முட்டையை ஒதுக்க வேண்டிய நாள் மாறும், புட்டியில் எழுதியிருக்கும். அந்த நாள் கழியாத வீட்டு முட்டை வேண்டாம்.

சேவல் இருக்கிற வீட்டில் கருவுள்ள முட்டை வரும். 21 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தாலே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். அதனால் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை எடுத்துக் குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். சேவலைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கருவுள்ள முட்டை வந்துகொண்டிருக்கும், ஆகையால் இப்போது பிரித்துப் பெரிய பயன் இல்லை.

முன்கூட்டியே கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும். அழுக்கு லேசாக ஒட்டியிருந்தால் உலர்துணியால் தேயுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் சமைப்பதற்குச் சற்று முன், முட்டையை விடச் சூடான தண்ணீரில். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி வெளி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். எச்சம் அப்பியதும் விரிசல் விட்டதும் கூட்டத்துச் சமையலுக்கு வேண்டாம்.

அவிப்பதானால் அன்றைக்கு இட்ட முட்டையை ஒதுக்கிவிட்டு 7 நாள் ஆனதை எடுங்கள். புது முட்டையில் வெண்கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொண்டு பாதி வெள்ளை தோலோடு போய்விடும். நாளாக ஆக உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிப் பிடிப்பு தளரும். ஒரே அண்டாவில் 150ஐயும் போடாதீர்கள், அடியில் இருப்பது நசுங்கும். கொதிக்கும் தண்ணீரில் 50, 50 ஆக வலைக்கூடையில் இறக்குங்கள். முட்டை விழுந்ததும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதித்த பிறகுதான் 12 நிமிடத்தை எண்ண வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றை அறுத்துப் பாருங்கள். மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் வந்திருந்தால் நேரம் கூடிப்போய்விட்டது, தின்னலாம், கெடுதல் இல்லை. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் தண்ணீரை 2 தடவை மாற்றுங்கள். உரித்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

உடைத்து ஊற்றும் சமையல் என்றால் முதலில் சிறு கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே பெரிய பாத்திரத்துக்கு. 149 நல்ல முட்டையைக் கெடுக்க ஒரு கூமுட்டை போதும்.

---

வெள்ளைக்கொண்டை

2 கோழியைக் காட்சிக்கு வைப்பதற்கு என் பதில்: வேண்டாம். முடியாது என்று சொல்லச் சங்கடமாக இருந்தால், திரும்பிக் கொட்டிலுக்கு வரவே போகாத கோழியை மட்டும் கொடுங்கள்.

நாலு வீட்டுக் கோழி ஒரே இடத்தில் கூடும்போதுதான் வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் ஊர் முழுக்கப் போகும். நோய் தொற்றிய கோழி வெளியே தெரிய 5, 6 நாள் ஆகலாம், சில நேரம் 15 நாள் வரைகூட. அதுவரை நன்றாகத்தான் தெரியும். தடுப்பூசி போட்டது என்றாலும், போட்டு 2 வாரமாவது கழிந்தால்தான் எதிர்ப்பு நிற்கும். காட்சிக்குப் போய் வந்த கோழியைக் குறைந்தது 3 வாரம் தனியே, காற்று கொட்டிலை நோக்கி வீசாத பக்கம், தனிப் பாத்திரத்தோடு வைத்து, கொட்டில் வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அதற்குத் தீனி போட வேண்டும். 3 வாரம் கழித்துச் சேர்க்கும்போது கூட்டம் அதைப் புதுக்கோழியாக நினைத்துக் கொத்தும். அதற்கு 2 நாள் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கி, இரவில் கோழிகள் ஏறி உறங்கும் பரணில் ஏற்றிவிட வேண்டும். ஒரு பகல் காட்சிக்கு ஒரு மாத வேலை.

கொடுப்பதே என்று முடிவானால்: ஒரு வீட்டுக் கோழிகள் ஒரு கூண்டில், இன்னொரு வீட்டுக் கோழி அதில் கலக்கக் கூடாது. நிழல், தண்ணீர், 4 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் தாங்கவில்லை, உடனே எடுத்துவிடுங்கள். சோறு போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கையில் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் அங்கேயே இருக்கட்டும். கடந்த ஒரு மாதத்தில் ஊரில் எந்த வீட்டிலாவது கோழி மளமளவென்று செத்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கோழி போகாவிட்டாலும் செருப்பு போகும். விழாவுக்குப் போட்ட செருப்போடு கொட்டிலுக்குள் கால் வைக்காதீர்கள், கொட்டிலுக்கென்று ஒரு ஜோடி வாசலிலேயே கிடக்கட்டும். இரவல் கூண்டு, இரவல் கூடை வந்தால் எச்சத்தைச் சுரண்டிவிட்டுச் சோப்பால் தேய்த்து, வெயிலில் காய்ந்த பிறகே தொடுங்கள். சுரண்டாமல் மேலே மருந்து தெளித்தால் மருந்து எச்சத்தோடு நின்றுவிடும்.

---

பஞ்சாரம்

ஒலிபெருக்கியைப் பற்றி யாரும் எழுதவில்லை. கொட்டிலை நகர்த்தாதீர்கள், ஒலிபெருக்கியைத் திருப்பச் சொல்லுங்கள். கட்டுகிற அன்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை 5 நிமிடம், கட்டிய பிறகு சொன்னால் சண்டை. கொட்டில் மூலையில் பலகையைச் சாய்த்து வைத்து முனையை மழுக்கிவிடுங்கள். திடீர்ச் சத்தத்தில் இளங்கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். உங்கள் 2 விடையைத்தான் சொல்கிறேன்.

விளக்கு வெளிச்சம் கொட்டிலுக்குள் விழுந்தால் பரணில் ஏறாமல் கீழேயே நிற்கும். அந்தப் பக்கம் மட்டும் சாக்கைத் தொங்கவிடுங்கள், மேலே ஒரு சாண் காற்றுக்கு விட்டுவிட்டு. தார்ப்பாயால் சுற்றி மூடினால் எச்சத்தின் ஆவி உள்ளேயே நின்று கண் எரியும், வெப்பமும் ஏறும்.

---

கூளம்

மிச்சச் சோறு: ஒரு கைப்பிடி போடலாம், அண்டாவோடு கவிழ்க்கக் கூடாது. மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உப்பும் எண்ணெயும் தூக்கலானது, புளித்தது, பூஞ்சை தெரிவது மூன்றும் எருக்குழிக்கு. முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை எருக்குழிக்குப் போடுகிறவர்கள் அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம்: கெட்டதை முதலில் பிரித்து எருக்குழிக்கு, நல்லதில் ஒரு கைப்பிடி கோழிக்கு.

சோற்றை விட நான் பயப்படுவது குப்பைக்கு. அலங்காரத் தெர்மாகோலைக் கோழி ஏதோ பலகாரம் போல ஆசையாகத் தின்னும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், பலூன் துண்டு, ரப்பர் வளையம், நூல், மின்னும் தாள், எது பளபளத்தாலும் கொத்தும். நூல் நாக்கில் சுற்றிக்கொள்ளும், காலில் சுற்றினால் விரல் அழுகிப் போகும். விழா முடிந்த மறுநாள் மேய விடாதீர்கள். மேயும் இடத்தை ஒரு தடவை நடந்து பொறுக்கிய பிறகு திறங்கள். ஆணி, பின்னுக்குக் கயிற்றில் கட்டிய காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தால் குனிகிற வேலை குறையும்.

எதையோ தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் விடியற்காலையில், தீனிக்கு முன், கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் அடைப்பு. மாவு மாதிரி குழைந்து, வாயில் புளிப்பு வாடை வந்தால் உள்ளே நொதித்துவிட்டது. தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, மெதுவாகப் பிசைந்துவிட்டு, ஒரு நாளில் இறங்காவிட்டால் கால்நடை மருத்துவர். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் அங்கேயே முடிந்துவிடும்.

---

வேலியோரம்

எல்லாருக்கும் நன்றி. விழா நேற்றோடு முடிந்தது. 15ம் பத்திரம், காட்சிக்குக் கோழி கொடுக்கவில்லை, முட்டை 5 வீட்டில் சேர்த்தோம். இப்போது வேறு கேள்வி. 6 முட்டை வந்த இடத்தில் 2தான் வருகிறது. ஒன்று ஓடே இல்லாமல் தோலோடு, இன்னொன்றில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போல் பட்டை. நோயா?

---

வெள்ளைக்கொண்டை

பெரும்பாலும் பயம்தான். மிரண்ட கோழி முட்டையை உள்ளேயே பிடித்து வைக்கும். அது ஓடு உருவாகும் பையில் கூடுதல் நேரம் தங்கினால் மேலே இன்னொரு பூச்சு விழுந்து சுண்ணாம்புத் தூளாகத் தெரியும். அதற்குப் பின்னால் வருவது ஓடு விழுமுன் வெளியே தள்ளப்பட்டால் தோல்முட்டை. ஒரு வாரம், 10 நாளில் பழையபடி ஆகும். தீவனத்தை மாற்றாதீர்கள், கொட்டிலைத் திருத்தாதீர்கள். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையான கோழி தானே தின்னும். தோல்முட்டையைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள், உடைந்தால் தின்று பழகிவிடும்.

கூடவே பச்சைக் கழிச்சல், மூச்சில் கரகரப்பு, கழுத்துத் திருகல், தீனி எடுக்காமல் இறகைச் சிலுப்பி நிற்பது, இதில் எது தெரிந்தாலும் பயத்தின் கணக்கில் எழுதாமல் அந்தக் கோழியைப் பிரித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

---

பஞ்சாரம்

கழுத்தில் இறகு கொட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போயிருந்தாலே கோழி இறகுதிர்ப்புக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. அப்படியானால் 10 நாளில் சரியாகாது, முட்டை திரும்ப 2 மாதம்கூட ஆகலாம். அந்த 2 டப்பாவில் எது வழிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

---

வேலியோரம்

கேட்டேன். இரண்டாம் நாள் மதியம் வெயில் பக்கத்து டப்பா காலியாக இருந்ததாம், மற்றதில் பாதி இருந்திருக்கிறது. கழுத்தில் இறகு கொட்டவில்லை. கூடைக்குள் கீச்சுச் சத்தம் கேட்கிறது, அடைக்கோழி கொத்த வருவதால் எண்ணிப் பார்க்கவில்லை.